கால் ஊன்ற ஒரு கல்

நேற்று பள்ளி வாசலில் நிறுத்தும்போது என் கால் தரைக்கு எட்டவில்லை. கணவரின் உயரமான மோட்டார் சைக்கிள் சாய்ந்து, பின்னால் இருந்த மகளோடு விழப் பார்த்தேன். இனி ஓட்டலாமா, கூடாதா என்று குழம்பிக்கொண்டே இன்றும் வந்தேன். அதே இடத்தில் புதிதாக ஒரு தட்டைக் கல் கிடந்தது.

என் சின்ன வயதில், கேரள எல்லையோரம் பூண்டு விளையும் மலை ஊரான போளூரில் அம்மா கிராம நர்ஸ். என்னைவிடக் குள்ளம். அப்பாவின் பெரிய வண்டியில் டேங்க் மேல் என்னை உட்காரவைத்து, தடுப்பூசிப் பெட்டியோடு பூண்டு வாசம் அடிக்கும் தெருக்களில் போவார். கல்லோ திட்டோ இருந்தால்தான் நிறுத்துவார்.

"கல்லு இல்லைன்னா நர்ஸம்மா வண்டி கேரளா போய்த்தான் நிக்கும்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்தவர்களே, வீட்டில் பிள்ளை பிறந்தால் வாசலில் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். புதுக் கல்லைப் பார்த்தாலே உள்ளே கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பள்ளி வாசல் கல்லில் இடது காலை ஊன்றினேன். வண்டி ஆடவில்லை. மகள் இறங்கி ஓடினாள்.

வாட்ச்மேன் அண்ணன் கேட்டைப் பிடித்தபடி கேட்டார். "நேத்து பாத்தேங்க, பயந்துட்டேன். இப்ப எட்டுதாங்க? இல்லைன்னா இன்னொண்ணு அடுக்கிருவோம்."

"எட்டுதுண்ணே. கல்லு இங்கயே கெடக்கட்டும். நாளைக்கும் வருவேன்."