எங்கள் குடும்பத்தில் யாரும் நோயில் சாகவில்லை

என் மகளுக்கு ஒரு காதலன் இருக்கிறான். அவனுடைய அம்மா எங்கள் குடும்பத்தைத் துப்பறிகிறாள் - ஒரு மாதம் முழுக்க இதைச் சத்தியமாக நம்பினேன். சிரிக்காதீர்கள்... கேள்விகளைக் கேட்டால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

ஜெபா நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள், நான் மக்ரூனை வாயில் போட்ட நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"எப்பா, தாத்தா எப்படி இறந்தாங்க? அப்ப என்ன வயசு? பெரியப்பாவுக்கு? தாத்தாவும் ஆச்சியும் சொந்தத்துலயா கட்டுனாங்க?"

யார் கேட்பார்கள் இப்படி? எங்கள் சாத்தான்குளம் பக்கம் பெண் எடுக்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள். அதுவும் தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம், சுற்றிவளைத்து. இந்தப் பையனின் அம்மா கெட்டிக்காரி... பெண்ணை வைத்தே விசாரிக்கிறாள்! கேட்டு முடித்ததும் மகள் போனோடு மாடிக்குப் போனாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

சம்பந்தம் பேசுகையில் எந்த வீட்டில் வியாதியைச் சொல்லியிருக்கிறார்கள்? சுகர்கார மாமா அன்றைக்கு மட்டும் ரெண்டு ஜாங்கிரி தின்று காட்டுவார். நானும் என் பங்குக்குக் காட்டினேன். தாத்தா கிணற்றில் தவறி விழுந்தார். சின்னத் தாத்தாவைப் பாம்பு கடித்தது. அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்த பெரியப்பாவை ஹார்பர் ரோட்டில் உப்பு லாரி அடித்தது. எங்கள் வம்சத்தில் நோயே கிடையாது - கெட்ட நேரம் மட்டும்தான்!

அடுத்த லீவுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிளாஸே சிரிச்சிச்சிப்பா. 'ஒங்க வீட்டுல ஒருத்தர்கூட படுத்துச் சாகலையா'ன்னு மேடம் கேக்காங்க. அத்தைக்குப் போன் போட்டேன். மூணு பேருக்கும் நெஞ்சுவலியாம்லா! ஒருத்தரும் அம்பதைத் தாண்டலயாம்லா!"

"மொதல்ல அந்தப் பையன் யாருன்னு சொல்லு."

"எந்தப் பையன்?"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளகிட்டயே பொய் சொல்லுதீயளே... வெக்கமா இல்ல?"

ஜெபா உட்கார்ந்தாள். "ஜெனடிக்ஸ் பாடம்ப்பா. நோயாளிகிட்ட மூணு தலைமுறையக் கேட்டு, எது பரம்பரையா வருதுன்னு கண்டுபிடிக்கணும். மொத நோயாளியா சொந்த வீட்டையே எடுத்துக்கன்னாங்க. ஒங்கள மாதிரி ஆளுககிட்ட உண்மைய எப்படி வாங்கன்னும் சொல்லித் தாராங்க... எப்பா, ஒங்களுக்கு இப்ப என்ன வயசு?"

நாற்பத்தெட்டு.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேபுக்கு இழுத்துப் போனாள். இவளுக்கும் லேப்காரனுக்கும் ஏதாவது கமிஷன் ஏற்பாடு இருக்குமோ... வழியெல்லாம் அதே யோசனை. சந்தேகம் என்னும் வியாதிக்கு மட்டும் டெஸ்ட் கிடையாது, பாருங்கள்.

எனக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கியாயிற்று.

பிள்ளைக்கும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுத்தோம்.

அவளுக்கும் இருக்கிறது.