செவ்வாய்க்கிழமை ஆகாத தங்கம்

தங்கம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அட்சய திருதியை, அட்சய திருதியை என்று டிவியில் நகைக்கடைக்காரர்கள் கூவ ஆரம்பித்திருந்த காலம் அது. ஊரே தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ள அலைந்தபோது, எனக்கு அதை இடுப்பில் ஊசியாகக் குத்தினார்கள்.

எனக்கு வந்தது முடக்குவாதம். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மணிக்கட்டு கொதிக்கும். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட முடியாமல் நின்ற அன்றைக்கு, உடம்பைச் சரி பண்ணிக்கொண்டு வா என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். திருவள்ளூரில் ஒரு கிளினிக்குக்கு மூட்டு டாக்டர் ஒருவர் சென்னையிலிருந்து வருவார், செவ்வாய்க்கிழமை மட்டும். மாத்திரைக்கு அடங்காததைப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு தங்க ஊசி, தங்க உப்பு கலந்த மருந்து, போடலாம் என்றார். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும், அரிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், இது கிட்னியைத் தொடக்கூடிய மருந்து என்றார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. கேஸை அணைத்தேனா என்று பாதி ரோட்டிலிருந்து திரும்பி ஓடுகிறவளிடம் போய்க் கிட்னி என்று சொன்னால் என்ன ஆகும்? அன்றிரவு முழுக்க இடுப்பைத் தடவிக்கொண்டே கிடந்தேன்.

வீட்டில் யாருக்கும் கிட்னி காதில் விழவில்லை. தங்கம் என்பது மட்டும்தான் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஊசியே தங்கத்தில் இருக்குமா என்று கேட்டாள். மாமியார் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

“செவ்வாக்கெழமையில ஏறுற தங்கம் ஒடம்புல தங்காதும்மே. வெள்ளிக்கெழம போட்டுக்கோ.”

நகைக்குப் பார்க்கிற கிழமையை மருந்துக்குப் பார்த்தார். டாக்டர் செவ்வாய்தான் இருப்பார் அத்தை என்றேன். என் வீட்டுக்காரர் ஸ்டீல் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தவர், மருந்து அதே மருந்துதானே, அம்மா சொல்வதைக் கேளேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளினிக்கில் நர்ஸம்மாவும் எந்தக் கிழமை வந்தால் என்ன, மருந்து ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நான் ஒருத்தி சொல்லி என்ன எடுபடும்?

வெள்ளிக்கிழமை பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேப்பிலையும் தேங்காயும் பழமுமாக அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்களுக்கு நடுவில், மூத்திர பாட்டிலைக் கூடையில் ஒளித்துக்கொண்டு நிற்பேன். யார் கை பட்டாலும் பயம், எந்தப் பள்ளத்தில் பஸ் இறங்கினாலும் பயம். இத்தனையும் பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த ஜன்னலில் வைத்துவிட்டுப் படுங்கள் என்பாள் நர்ஸம்மா.

ஊசி வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று மாதத்தில் ஈரத் துணியை நானே முறுக்கிப் பிழிந்தேன். அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். அப்புறம்தான் அரிப்பு வந்தது. வயிறு, முதுகு, தொடை என்று ஊறியது. தங்கம் நன்றாக ஏறுகிறது, அதுதான் ஊறுகிறது என்று மாமியார் சந்தோஷப்பட்டார். வீட்டுக்காரர் டீக்கடையில், “எங்கூட்டுக்காரிய உருக்கினா ரெண்டு சவரன் தேறும்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். நர்ஸம்மாவிடம் சொன்னேன். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். அரிப்போடு வாய்ப்புண் சேர்ந்தது. கால் வீங்கிக் கொலுசு சதையில் புதைந்தது. எப்போதும் பயந்து சாகிறவள் என்று எனக்கு ஒரு பேர் இருந்ததால், உண்மையான பயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பாட்டிலை ஜன்னலில் வைக்கப் போனேன். போன வாரத்து பாட்டில் அங்கேயே இருந்தது. மூடி திறக்கவில்லை. மேலே நான் ஒட்டிய சீட்டில் என் பேர், என் கோணல் எழுத்து.

“டெஸ்ட் பண்ணாம போட்டுக்க மாட்டேன்” என்றேன்.

“இன்னாக்கா, தங்கத்த வேணான்ற மொத ஆளு நீதான்” என்றாள் நர்ஸம்மா.

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டு பாட்டிலையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது.

செவ்வாய்க்கிழமை யாரையும் கேட்காமல் போனேன். டாக்டர் ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தார். நிறம் மாறியதும் அவர் முகமும் மாறியது. கிட்னியிலிருந்து புரோட்டீன் நிறைய இறங்குகிறது என்றார். அரிப்பு வந்தபோதே பிடித்திருந்தால் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, அளவைக் குறைத்து மறுபடி போட்டிருக்கலாமாம். இனிமேல் இந்த ஊசியே முடியாது, கிட்னி தேறுகிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும் என்றார்.

“ஏம்மா செவ்வாய்க்கிழமை வரல?”

இத்தனை வாரம் ஏன் சார் நீங்கள் கேட்கவில்லை என்று என் வாய் வரை வந்தது. அவருக்குப் பின்னால் நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையைப் பார்த்தேன். அது நன்றாக மடங்கி நீண்டது. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று தெரிந்து பார்ப்பது கொடுமை.

ஏறிய தங்கமும் வீணாகிவிட்டதே என்று மாமியார் அழுதார். தங்கத்துக்குத்தான் அழுதார். கம்பெனியில் என் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். குளிர் தொடங்குவதற்குள் விரல்கள் பழையபடி விறைத்துக்கொண்டன. கிட்னி மெதுவாகத் தேறியது.

இதெல்லாம் பிறகு. டாக்டர் சொன்ன அடுத்த செவ்வாய்க்கிழமையே பரிசோதனைக்குக் கிளம்பினேன். மாமியார் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

“மூணு மணிக்கு மேல ராகு காலம். முன்னாடியே போயிடும்மே.”

உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். முள் மூன்றைத் தாண்டும் வரை காத்திருந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்றவரைத் தள்ளாத குறையாகத் தாண்டி இறங்கிப் போனேன்.