அப்பாவின் பையை அடுக்கியவள்

அப்பாவின் பையைத் திறந்தால் முதலில் பொரித்த எண்ணெய் மணம்தான் வரும். அதற்கடியில் ஹோட்டல் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணம், இன்னும் அடியில் சரியாகக் காயாத கால்மேஸின் மணம். மலையூரான டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா, இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய் பின்னேரம் சூரிச் நகர ஓரத்தில், ஓர்லிகோனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் நான் அந்த நீலப் பையைத் திறந்து மூக்கை வைத்துவிடுவேன். "சீ, ஊத்தை உடுப்பைப் போய் மணக்கிறாள்" என்று அம்மா ஏசுவா. ஊத்தையாவது ஒன்றாவது! பதினான்கு நாள் காத்திருந்தவளுக்கு அந்த மணத்தைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு அப்போது பத்து வயது, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அம்மா பின்னேரங்களில் ஒரு கம்பனிக் கந்தோரைத் துப்புரவு செய்யப் போவா. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் கழுத்தில் தொங்கிய திறப்பால் கதவைத் திறந்து, வெறும் வீட்டுக்கு "நான் வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு நுழைகிற பிள்ளை நான். புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு இங்கே பள்ளிக்கூடம் இல்லை. கூடப் படித்த பிள்ளைகள் குதிரையேற்றம், புல்லாங்குழல் என்று எங்கெங்கோ போவார்கள். எனக்கு ஒன்றுவிட்ட புதன்களில் அப்பா இருந்தார். கட்டடத்தின் நிலவறையில் இருந்த பொதுச் சலவை இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கிய முறையும் புதன்தான் என்பதால், அம்மா காலையிலேயே அப்பாவின் உடுப்பைத் தோய்த்துப் போடுவா, மூன்று மணிக்குக் காய்ந்துவிடும், நாலரைக்கு அம்மா வேலைக்குப் போவா, ஐந்தரைக்கு அப்பா ரயிலுக்குப் போவார். மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில் இருந்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் பை அடுக்க வேண்டும். அம்மா அடுக்கினால் அது அடுக்கு அல்ல, "அடைசல்". ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் வெளியே கொட்டி, நானே தொடங்கினேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்ததுதான். சேட்டின் கைகளை உள்ளே மடித்து, கழுத்துப் பக்கமிருந்து பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டினால் கசங்காது, இடமும் பாதிதான் பிடிக்கும். மேஸ்களைச் சப்பாத்துக்குள் திணிக்கலாம். நீளக் களிசானின் கால்களைப் பைக்கு வெளியே தொங்கவிட்டு, மற்றதெல்லாம் வைத்த பிறகு அந்தக் கால்களை மேலே மடித்து மூடினால் மடிப்பு விழாது. அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தால் அம்மா கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் போத்தலைச் சுற்றினால் போத்தலும் உடையாது, சாரத்துக்கென்று தனி இடமும் வேண்டாம். இடுப்புப் பட்டி ஓரத்தோடு ஓரமாகச் சுற்றி ஓடும். அப்பா செற்றியில் சாய்ந்தபடி பார்த்துச் சிரிப்பார். "இவளை ஆமிக்காரர் கேட்டு வரப்போறாங்கள்" என்பார். அவர் அப்படிச் சிரிப்பதற்காகவே நான் இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அப்பா அலுமாரியைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

"பிள்ளை, இன்னும் ரெண்டு சேட் கொள்ளுமோ?"

கொள்ளும் என்றேன். கொள்ளாது என்று சொல்வது எனக்கு மானப் பிரச்சினை. டாவோஸில் கூட வேலை செய்யும் ஒரு பொடியன் ஊருக்குப் போகிறானாம், அவனுடைய சூட்கேஸில் இடம் இருக்கிறதாம், பழைய உடுப்புகளைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடலாமாம். எங்கள் ஆட்களிடம் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அந்த நாட்களில் ஊருக்குப் போகிறவர் எவரும் தன் உடுப்போடு மட்டும் போனதில்லை. நாலு வீட்டு உடுப்பு அவருடைய சூட்கேஸில் போகும், போகிறவர் தன் உடுப்பில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவார். ஓர் அலுமாரி வெறுமையாகிறது என்றால் ஊரில் யாரோ உடுக்கப்போகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைப்போம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தா. ஊரிலிருந்த தன் தங்கைக்கு, அதாவது என் சின்னம்மாவுக்கு, கழிவு விலையில் வாங்கிய ஒரு பருத்திச் சட்டையையும் அவவுடைய மகனுக்கு இரண்டு காற்சட்டைகளையும் அம்மாவே கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. நான் அவற்றையும் சுருட்டினேன்.

இரண்டு சேட் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. பை அதே பைதான். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் என் கெட்டித்தனம். அப்பா போனபிறகு ஐந்தரையிலிருந்து அம்மா வரும்வரை வீட்டில் நான் தனியே. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல், இப்போது ரயில் சூரிச்சிலிருந்து வெளிக்கிட்டிருக்கும், இப்போது லான்ட்குவார்ட்டில் அப்பா இறங்கிச் சிவப்பு ரயிலுக்கு மாறியிருப்பார், பை இன்னும் குலையாமல் இருக்கும் என்று மனதுக்குள் கூடவே போய்க்கொண்டிருப்பேன். அழமாட்டேன். அழுதால் கேட்க ஆள் வேண்டுமே.

நவம்பர் கடைசிப் புதனன்று கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டையும் எடுத்துத் தந்தார். கோட்டைச் சுருட்டக் கூடாது; உட்புறத்தை வெளியே திருப்பி, ஒரு தோளை மற்றத் தோளுக்குள் விட்டு மடித்தேன். அதன் வயிற்றுக்குள் ஏழு சேட் வைத்தேன். என் வாழ்நாளில் அதைவிடத் திறமான அடுக்கு இல்லை. பனிக்காலத்தில் ஹோட்டலில் சனம் நிறைந்துவிடும், லீவு தரமாட்டார்கள், தைப்பொங்கலுக்கு வருவேன் என்று அப்பா சொன்னார். என் தலையைத் தடவினார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பார்க்கவில்லை.

பொங்கலுக்கு அவர் வரவில்லை. அன்று அம்மா சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, உடுப்பெல்லாம் அளவோ என்று கேட்டா. மறுமுனையில் சின்னம்மா என்ன சொன்னா என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது. ஒரு துணிகூடப் போய்ச் சேரவில்லை, யாரும் வரவில்லை. அம்மா குரலை மாற்றாமல், "வரும், கொண்டு வாற ஆள் பிந்தித்தானாம் வெளிக்கிட்டவர்" என்று சொல்லி வைத்துவிட்டு, நேரே போய் அலுமாரியைத் திறந்தா. அப்பாவின் பக்கத்தில் கம்பி மாட்டிகள் மட்டும் தொங்கின.

டாவோஸில் அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்த ஒரு போர்த்துக்கல் பெண்ணோடு அப்பா வீடு எடுத்திருந்தார் என்பது பிறகு சனத்தின் வாயால் தெரிந்தது. ஊருக்குப் போன பொடியன் என்று ஒருவனும் இல்லை. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கம் தமிழ்க் கடையில் சாமான் வாங்கும்போது யாராவது அப்பாவைக் கேட்டால், "அவருக்கு டாவோஸில வேலை, லீவு கிடைக்கிறேல்லை" என்பா. கேட்டவருக்கும் விஷயம் தெரியும், அம்மாவுக்கும் அவருக்குத் தெரியும் என்பது தெரியும். இப்படியே ஒன்பது வருடம், கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்தும்வரை, அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஒரு வீட்டைவிட்டுப் போக நாலு பெட்டியாவது வேண்டும், யாராவது கண்டு கேட்டிருப்பார்கள், அம்மா மறித்திருப்பா. நான் அவரை ஒரே பையில், ஒருவர் கண்ணிலும் படாமல், கசங்காமல் அனுப்பிவைத்தேன். இந்த எண்ணம் எனக்குப் பதினொரு வயதில் வந்தது. நாற்பது வயதாகியும் போகவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் ஊருக்குப் போனாலும் பெட்டி அடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முப்பது கிலோவுக்குள் ஒரு கலியாண வீட்டையே அடக்கிக் கொடுக்கிறேன், எல்லோரும் மெச்சுகிறார்கள், நான் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். மற்றவர் பெட்டியில் பழைய உடுப்புக் கொடுத்துவிடுகிற வழக்கமும் ஒழிந்துவிட்டது. இதைவிட நல்லது இங்கேயே வாங்கலாம் என்கிறார்கள் ஊரில். ஓர்லிகோன் வீட்டை இடித்துவிட்டு ஏதோ கந்தோர் கட்டியிருக்கிறார்கள். அப்பா டாவோஸிலேயே போன வருடம் காலமானார். சடங்குக்கு அம்மா வரவில்லை.

சென்ற மாதம் சின்னம்மாவின் மகனின் கலியாணத்துக்கு அம்மாவின் சூட்கேஸை அடுக்கினேன். அம்மா கட்டிலில் இருந்தபடி சீலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தா. என்ன பேய் பிடித்ததோ, முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அப்பாவின் உடுப்பு முழுவதையும் நான்தான் அடுக்கிக் கொடுத்தேன், நான் கொள்ளாது என்று ஒருநாள் சொல்லியிருந்தால் போதும் என்றேன்.

அம்மா கையில் இருந்த சீலையை மடியில் வைத்து நீவினா.

"நீ மட்டுமே?" என்றா. "அந்தக் கடைசிப் புதன் ஸிப் இழுபடேல்லை. நீ மேஸ் எடுக்கக் கீழ நிலவறைக்குப் போயிட்டாய். நான்தான் பைக்கு மேல ஏறி இருந்தனான், அவர் இழுத்துப் பூட்டினவர். ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள், பிள்ளை."