அறைந்த கை

ராமநாதபுரத்துக்கு வெளியே, வைகைக் கரைச் சரளைப் பாதையில் சைக்கிளை வெறித்தனமாக மிதித்துக்கொண்டிருந்தேன். இயர்போனில் பாட்டு அலறியது. ஒரு நாய் துரத்தி வந்தது. கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த பெண் பாய்ந்து வந்து முன்சக்கரத்தில் கட்டையைச் செருகினார். தலைகுப்புற விழுந்தேன்; இயர்போன் கழன்று தெறித்தது. உள்ளங்கை கிழிந்தது. எழுந்த வேகத்தில் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். என் ரத்தம் அதில் அப்பிக்கொண்டது.

"அங்கன பாரு தம்பி! காட்டுப்பன்னி வயலுக்குள்ள வராம கட்டுன கரண்டு கம்பி அறுந்து பாதையில கெடக்கு. கத்துனேன், ஒனக்குக் கேக்கல."

எங்கள் சத்தத்தில் மிரண்ட நாய் எங்களைத் தாண்டி ஓடிக் கம்பியை மிதித்தது. ஒரே துள்ளல். கருகிச் செத்தது.

அவர் கன்னத்தைக்கூடத் துடைக்கவில்லை. என் உள்ளங்கையில் ஏறியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அறைந்ததும் அந்தக் கைதான். இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.