தையலக்காவின் ஈ எண்ணெய்

குதிரைக்கு ஈ விரட்டும் எண்ணெய் பூசுவதற்கு முன்னால் தையலம்மாள் அதில் ஒரு சொட்டைத் தன் முழங்கையின் உள்பக்கம் தடவிக்கொள்வார். உலை வைத்துச் சோறு வடிக்கும் வரை அந்தக் கையை மடக்க மாட்டார். எரியவில்லை, சிவக்கவில்லை என்று கண்ட பிறகுதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு குதிரைக் கொட்டடிக்குப் போவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓலைத் தட்டி ஒன்றுதான். பல வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏம்பலத்திலிருந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் சாமிக்கண்ணு, பாகூருக்கும் கன்னியகோயில் பஸ் ரோட்டுக்கும் குதிரை வண்டி ஓட்டுகிறார். அக்கா இயல்பிலேயே பயந்தவர். வண்டி பூட்டும்போது ஒவ்வொரு நாளும் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். வண்டி திரும்பும் நேரம் தாண்டிவிட்டால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார். அன்றைக்குக் குழம்பு கண்டிப்பாக அடிப்பிடிக்கும்.

பாண்டியில் பிரெஞ்சுக் கொடி இறங்கின மறுவருஷம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. ஊர் முழுக்க ஈ. வீட்டு ஈ இல்லை, ரத்தம் குடிக்கிற பெரிய குதிரை ஈ. சாமிக்கண்ணு அண்ணனின் செவலைக் குதிரைக்கு அது ஆகவே ஆகாது. ஒரு நாள் வாய்க்கால் வளைவில் அடிவயிற்றில் ஈ கடிக்கவும், அது பின்னங்காலைத் தூக்கி உதைத்து வண்டியைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துவிட்டது. சக்கரம் ஒரு பனங்கட்டையில் இடித்து நின்றதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகள் தனக்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, வலி கண்டதும் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். பாண்டிக்குப் போக கன்னியகோயிலில் பஸ் பிடிக்க வேண்டும். மாட்டு வண்டி தூக்கித் தூக்கிப் போடும். எங்கள் பக்கத்தில் வேறு குதிரை வண்டியும் கிடையாது. அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் வயிற்றைப் பார்ப்பார், உடனே போய்க் குதிரையின் வயிற்றைப் பார்ப்பார்.

அதுவரை வெறும் வேப்பெண்ணெய்தான் பூசி வந்தார். வேர்வையில் அது நிற்காது. புங்கெண்ணெயும் சேர்த்து, நொச்சி இலையும் பூண்டும் போட்டு, இலை முறுகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டிப் பூசிப் பார்த்தார். அந்த நெடிக்கு ஈ ஒதுங்கியது. ஆனால் ஒரு தூறலில் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஒட்டி நிற்கிற ஏதாவது வேண்டும். மணப்பட்டுக் கடற்கரையில் எப்போதோ பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மீன் காய்கிற இடமெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தபோது, புதிதாக எண்ணெய் பூசின படகின் மேல் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை. அலை அடித்தும் அந்த எண்ணெய் போகவில்லை.

மணப்பட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர் எல்லம்மாள். அவரிடம் அக்கா கொஞ்சம் படகு எண்ணெய் கேட்டார். எதற்கென்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வண்டிக்கார வீடு, சக்கரத்துக்குப் பூசக் கேட்கிறார்கள் என்று எல்லம்மாள் நினைத்துக்கொண்டார். படகுக்குப் பூசுவது மீன் எண்ணெய்தானே என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

காய்ச்சினதோடு அதைக் கலந்து, ஒரு சாயங்காலம் குதிரையின் கழுத்திலிருந்து கால் வரை வெறுங்கையால் பூசினார். ஒரு ஈயும் அண்டவில்லை. அன்றைக்கு அக்கா நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் முழுக்கக் குதிரை உடம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த காலையில் அடிவயிறும் தொடையும் வீங்கிக் கொப்புளித்திருந்தன. தொட்டால் மயிர் கொத்தாக வந்தது. அக்காவின் உள்ளங்கைகளும் கறுத்து, வெந்த மாதிரி தோல் உரிந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மீன் கொண்டுவந்த எல்லம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கொட்டடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்தடி பூசின?"

"நீ குடுத்ததுதான்."

"அடிப்பாவி, அது முந்திரிக்கொட்டைத் தோலு எண்ணெய் கலந்ததுடி, மேல பட்டா வெந்துரும். மரத்தைப் பூச்சி துளைக்காம இருக்கப் பூசறது. வண்டிக்குன்னுல்ல நெனச்சேன்."

"வண்டிய ஈ கடிக்குமாடி?" என்று கேட்டுவிட்டு அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சித் தண்ணீரால் கழுவினார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள். இப்போது புண்ணைத் தேடி வீட்டு ஈயும் சேர்ந்து வந்தது. சாமிக்கண்ணு அண்ணன் திட்டவில்லை. துண்டை எடுத்துப் புண்ணில் மொய்த்த ஈயை ஓட்டினார். மறுநாள் எல்லம்மாள் மீனோடு ஒரு பழைய பொடிக்கண் வலையையும் சுமந்து வந்தார். அதைக் குதிரையின் மேல் போர்த்தி, கிழிசல் நூல்களை வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். குதிரை அசையும்போதெல்லாம் நூல் ஆடி ஈயை விரட்டியது. டீக்கடையில் ஒருவர், இதைக் கடலில் பிடித்தாயா ஏரியில் பிடித்தாயா என்று அண்ணனைக் கேட்டாராம். ஏரியில்தான், முள் அதிகம் என்று இவரும் சொன்னாராம்.

புண் காய்வதற்குள் தனக்கொடிக்கு வலி வந்துவிட்டது. அதுவும் நல்ல வெயில் நேரத்தில், ஈ அலைகிற நேரத்தில். பழைய புடவையைத் தேங்காயெண்ணெயில் நனைத்து, வார் படுகிற இடங்களில் மடித்து வைத்து, வலையோடேயே குதிரையைப் பூட்டினார்கள். தனக்கொடியைப் பிடித்துக்கொள்ள என்னை ஏறச் சொன்னார்கள். அக்கா முன்பலகையில் உட்கார்ந்து நொச்சிக் கொத்தால் விசிறிக்கொண்டே வந்தார். தனக்கொடி என் மணிக்கட்டை நெரித்தாள். குதிரையின் காது அசையும்போதெல்லாம் நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதே வாய்க்கால் வளைவில் செவலை நின்றது. காதுகள் பின்னால் மடிந்தன. வலைக்குள் ஒரு குதிரை ஈ புகுந்து வாருக்குப் பக்கத்தில், புண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்னங்கால் தரையைவிட்டு எழும்பியது. அதற்குள் அக்கா இறங்கிக் குதிரையின் வயிற்றுக்கடியில் கையை விட்டுவிட்டார்.

"கைய எடு தையலு, உதைச்சிரும்" என்று அண்ணன் கத்தினார்.

"உதைச்சா என்னைத்தான உதைக்கும். வண்டிய உதைக்காதுல்ல."

தோல் உரிந்த கையாலேயே அந்த ஈயை நசுக்கி எடுத்தார். தூக்கின கால் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்லக் கீழே இறங்கியது. அக்கா மறுபடி ஏறவில்லை. குதிரையின் வயிற்றோரமாகக் கையை வைத்துக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் கூடவே ஓடி வந்தார். பஸ் வரத் தாமதமாகியிருந்தது, அதனால் எங்களுக்குக் கிடைத்தது. பாண்டியில் வயிற்றை அறுத்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. செவலை இன்னும் வண்டி இழுக்கிறது, வார் படுகிற இடத்தில் மட்டும் மயிர் முளைக்கவில்லை. அக்காவின் உள்ளங்கையில் ரேகை சரியாகத் தெரியாது. எண்ணெயில் வேம்பு, புங்கம், நொச்சி, பூண்டு தவிர வேறு எதையும் அவர் சேர்ப்பதில்லை. மழையில் போய்விட்டால் திரும்பவும் காய்ச்சி, முழங்கையில் வைத்துப் பார்த்து, திரும்பவும் பூசுகிறார்.