பிஸ்டன் இல்லாத கார்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வந்துவிடும். கேட்காமலும் விடமாட்டார்கள். சந்தைக்குப் போகிறவர்கள்கூட வேலியோரம் நின்று, "என்ன டீச்சர், ஒங்க மகன் காரு எப்பக் கெளம்பும்?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். அரிமளத்தில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் என்று யாரும் இல்லை.

என் கணவர் அதை வாங்கியது நாற்பத்தெட்டில், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த ஒருவர் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பும்போது தள்ளிவிட்டுப் போன பழைய சின்னக் கார். அப்போது எங்கள் மகனுக்கு ஐந்து வயது. ஏழெட்டு வருடம் ஓடியது. பிறகு ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்து திருமயம் வரை ஓட்டிக்கொண்டு போய் என் கணவர் என்ஜினை வெடிக்க வைத்தார். அதோடு அது கோழிகளுக்குப் போயிற்று. பின் சீட்டில்தான் அடைகாத்தன. நான் நிம்மதியாக இருந்தேன்.

மகன் திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான். வேலைக்குப் போவான் என்று பார்த்தால், அங்கே லைப்ரரியில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்து சேர்ந்தான். ஜெர்மனியில் பிஸ்டனே இல்லாத என்ஜின் செய்துவிட்டார்களாம். உள்ளே ஒரு முக்கோணம் சுற்றுமாம். மேலும் கீழும் குதிக்கிற சாமானே கிடையாதாம். அதை மாட்டிய காரை விற்கவே ஆரம்பித்துவிட்டார்களாம்.

"அதான் அவங்க செஞ்சுட்டாங்களே, நீ எதுக்குடா செய்யணும்?" என்றேன்.

"அவங்களாலயே அந்த முக்கோணத்து முனையில காத்து கசியிறத நிறுத்த முடியலம்மா" என்றான், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி.

கோழிகள் வெளியேறின. என் எரிச்சலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய மனிதர், தன் துணிக்கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வராததுமாகக் கொட்டகைக்குப் போய் மகனுக்கு விளக்குப் பிடித்தார். என்ஜினை வெடிக்க வைத்த குற்றத்துக்கு அதுதான் பிராயச்சித்தம்போல.

அந்த முக்கோணத்தை ஒரு பட்டறையில் வார்த்து வாங்கினான். அது சுற்றுகிற கூட்டைக் கடையப் புதுக்கோட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது, அந்தப் பட்டறைக்காரர் வரைபடத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உருண்டையா கேளு, கடைஞ்சு தாரேன். இது நடுவுல நசுங்குன பூசணிக்கா மாதிரியில்ல இருக்கு!" என்றாராம். கடைசியில் அதை அவனே அரத்தை வைத்து ராவினான். மாதக்கணக்கில் ராவினான். எட்டாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் காதில் அந்தக் கீச்சுச் சத்தம் விழாத மாலையே இல்லை. கசிவை அடைக்க முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பட்டை வைப்பான், அது தேயும். வேறு உலோகத்தில் வைப்பான், அது கூட்டைக் கீறும். மறுபடியும் அரம்.

பெண் வீட்டார் ஒருமுறை வந்தார்கள். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்றார் பெண்ணின் தகப்பனார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டார். காப்பி ஆறிப்போயிற்று. அவர்கள் திரும்ப வரவேயில்லை.

மதுரைப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோது நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விஜயதசமி அன்று அந்தக் கார் ஊருணி வரை போய்த் திரும்பி வரவேண்டும். வந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். வராவிட்டால் மறுநாளே மில்லுக்கு ரயில் ஏறவேண்டும். அவனும் சரி என்றான்.

ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்தே கொட்டகையில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். சுண்டல் இறக்கியாயிற்று, பொரி கடலை வாங்கியாயிற்று, பலகையில் என் புத்தகங்களை அடுக்கியாயிற்று, இவன் சாமான்கள் மட்டும் வந்தபாடில்லை. நானே போய், "குடு எல்லாத்தையும், நேரமாச்சு" என்று கையில் இருந்த ஸ்பேனர் உட்படப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பலகையில் பரப்பினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நின்றான்.

"அம்மா, அந்தப் பெரிய ஸ்பேனர் மட்டும் குடு. வெயிட்டோட நட்டக் கையாலதான் திருகி வச்சிருக்கேன்."

வெயிட் என்று அவன் சொன்னது, என்ஜின் ஆடாமலிருக்கத் தண்டின் முனையில் மாட்டுகிற அரைச்சந்திர இரும்பு. அம்மிக்குழவியில் பாதி கனம் இருக்கும்.

"பூசையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. காலையில எடுத்துக்க."

"ரெண்டு நிமிசம்மா. முடுக்கிட்டு திரும்ப வச்சிடுறேன்."

"சாமிகிட்ட போயி ரெண்டு நிமிசம், மூணு நிமிசம்னு பேரம் பேசுவியா? போடா."

நான் சயின்ஸ் டீச்சர். நெம்புகோலும் மையவிலக்கு விசையும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள். நான்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம். பால் காய்ச்சி, மறுபூஜை முடித்து, சாமான்களை எடுத்து அவன் கையில் கொடுக்கும்போதே ஏழேகால். "ராகுகாலம் வரதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணுடா" என்று பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனேன். இவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்பேனர்கள் சந்தனம் கலையாமல் தரையில் கிடந்தன. அவன் முகப்பு மூடியைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றபடி கைப்பிடியைச் சுற்றினான்.

ஓடியது. அதை நான் மறைக்கக் கூடாது. முதலில் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு ஒரே சீராகத் தையல் மிஷின் மாதிரி பாடியது. இவர் கை தட்டினார். அவன் குனிந்து கார்புரேட்டரில் ஏதோ திருகினான். சத்தம் ஏறியது. அவன் கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தான். அந்த நொடியில்தான் நட்டு கழன்றது.

நான் பார்க்கவில்லை. காற்றைப் பிளந்த சத்தம்தான் கேட்டது. அவன் தலை இருந்த இடத்தைத் தாண்டிப்போய்ப் பின்சுவரில் அந்த இரும்பு பாதிவரை புதைந்து நின்றது. செங்கல் தூள் எங்கள் மூவர் மேலும் கொட்டியது. என்ஜின் இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நாலு நிமிசம் ஓடுச்சும்மா! பாத்தல்ல?"

அறையலாம் என்றுதான் எழுந்து போனேன், போய் அவன் தலையிலிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டேன்.

அவன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "காலையில முடுக்க நாந்தானே மறந்தேன்" என்று அன்றே முடித்துவிட்டான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மில்லுக்கும் அனுப்பி வைத்திருப்பேன். கார் ஊருணிக்குப் போகவில்லை, பேச்சுப்படி அவன் தோற்றான். ஆனால் அதைச் சொல்ல எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? கடிதத்துக்குப் பதில் போடாமலே மில் வேலை போயிற்று. கொட்டகையில் மறுபடியும் அரம் கீச்சிடுகிறது. சுவரிலிருந்த இரும்பைக்கூட அவனும் இவருமாகப் பெயர்த்தெடுத்து மீண்டும் மாட்டிவிட்டார்கள்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு முதல்நாளே, "எல்லா நட்டும் முடுக்கியாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சும்மா, ஆச்சு. எத்தனை தடவ கேப்ப?"

அவனும் அப்பாவும் பூ வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். நான் அந்தப் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, கொட்டகைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நட்டு, தெரியாத நட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தன, ஒன்றைத் தவிர. அது கால் சுற்று இறங்கியது.

ஸ்பேனரைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.