செல்வியக்கா சாத்திய கதவு

காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் என் பழைய காரின் இடது பின்கதவு திறக்கவே இல்லை.

கம்பெனி வேன் வராததால் எங்கள் தெரு அக்காக்களை இந்த மாதம் நான்தான் இறக்கிவிடுகிறேன். மற்ற இருவரும் வலப்பக்கம் இறங்கி ஓடிவிட்டார்கள். அந்தக் கதவோரம் இருந்த செல்வியக்கா நகர்ந்து இறங்குவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். அரை நாள் சம்பளம் போச்சு.

வாட்ச்மேனிடம் கத்தினேன்.

"உடுப்பா, அவரு இன்னா பண்ணுவாரு? வா, கதவப் பாக்கலாம்," என்றார் அக்கா.

லாக் பட்டனை அழுத்தினால் மற்ற கதவுகளில் 'டக்' சத்தம் வந்தது, இதில் இல்லை. அக்கா மறுபடி உள்ளே ஏறித் தோளால் இடிக்க, நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். திடீரெனத் திறந்தது. கதவை ஆட்டினால் லாக் வேலை செய்கிறது, நிறுத்தினால் இல்லை. கீல் பக்கத்தில் ஒயர் போகும் ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஒயர் அறுந்திருந்தது. முறுக்கி டேப் சுற்றினேன்.

"சாத்திப் பாருக்கா."

அவர் சாத்தியதில் காரே குலுங்கியது.

"இன்னாக்கா இது!"

"கம்பெனி வேன் கதவு இப்படி அடிச்சாதான்டா சாத்திக்கும். இல்லன்னா வழியில தொறந்துக்கும்."

வேன் கதவைச் சரிசெய்யாத கம்பெனி, கேட்டை மட்டும் நொடி பிசகாமல் மூடுகிறது.

மதியம் உள்ளே போன அக்காவை மாலையில் ஏற்றும்போது மெதுவாகச் சாத்தச் சொன்னேன். தூளியில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் சாத்தினார். கதவு பிடிக்கவே இல்லை. இறங்கிப் போய் நானே ஓங்கி அடித்தேன்.

மூன்று அக்காக்களும் ஊர் வரை சிரித்தார்கள்.

கதவு சாத்தத் தெரிந்தவர்கள் யாராவது எங்கள் நால்வருக்கும் டியூஷன் எடுப்பீர்களா?